பனிச் சாலையும் உப்பின் அளவும்

பினாங்கில் பனிக்கட்டி உண்டு, பனி பெய்வதில்லை. கொடிமலை உச்சியில் மாலை வேளையில் மேகம் இறங்கி வந்து முகத்தைத் தொடும். உடல் சிறிது சிலிர்க்கும். அதற்குமேல் குளிரை நாம் அறியோம். ஆகவே, பனி மூடிய சாலைகளில் உப்புத் தூவும் வழக்கத்தையும், அவ்வுப்பைக் குறைக்க நடக்கும் முயற்சிகளையும் பற்றி இங்கே எழுதுவது, இல்லாத ஊருக்கு வழி சொல்வது போலச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் தமிழர் இன்று பெருந்தொகையினராய் வாழும் வெளிநாட்டு நகரங்களுள் கனடாவின் டொராண்டோவும் ஒன்று. 1983-ஆம் ஆண்டு இலங்கையில் நிகழ்ந்த இனக்கலவரத்துக்குப் பின் அங்குச் சென்று சேர்ந்தவர்களும், அவர்தம் மக்களும் பேரர்களும் குளிர்காலம் முழுவதும் நடப்பது உப்பிட்ட தரையின்மேல்தான். அந்த உப்பு பின்னர் எங்கே போகிறது என்னும் கேள்வி, யாழ்ப்பாணத்துக் கிணற்றடியை அறிந்த எவர்க்கும் அயலான கேள்வி அன்று.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் முன்பனி, பின்பனி ஆகிய இரண்டும் பனியின் பெயரையே தாங்கியவை. ஆயினும் அவ்விரு பருவங்களிலும் தமிழகத்துச் சமவெளியில் விழுவது புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியே. வானிலிருந்து பஞ்சுபோல் இறங்குவதும், குளத்து நீர் கல்லாய் இறுகுவதும், இலையின்மேல் வெண்பொடியாய்ப் படிவதும் வேறு வேறு பொருள்கள். அவற்றுக்கெல்லாம் பனி என்னும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இடர்ப்படுகிறோம். வெண்பனி, மழைப்பனி, உறைபனி எனப் பாடநூலார் பலவாறு எழுதிப் பார்த்திருக்கின்றனர். டொராண்டோவில் வாழ்வோரோ கவலையின்றிச் ‘சினோ கொட்டுது’ என்று சொல்லி விடுகின்றனர். இக்கட்டுரையில் வானிலிருந்து விழுவதை வெண்பனி என்றும், இறுகிக் கிடப்பதைப் பனிக்கட்டி என்றும் குறிப்போம். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. வெண்பனியை வண்டியின் தகடு கொண்டு வாரித் தள்ளலாம். பனிக்கட்டியை அவ்வாறு வார இயலாது. அது தார்ச்சாலையைப் பற்றிக்கொண்டு விடாது. அந்தப் பிடியைத் தளர்த்துவது ஒன்றே உப்பின் வேலை. விழுந்த பனி முழுவதையும் உப்பைக் கொண்டே உருக்கிவிடலாம் என்று எண்ணுவதுதான் மிகையான உப்புக்கு முதற் காரணம்.

உப்பு எவ்வாறு இதனைச் செய்கிறது? இங்கே மாணவர்க்கு ஒரு புதிர் போடலாம். மின்சாரக் குளிர்பெட்டிகள் பெருகுமுன், ஐஸ்கிரீம் செய்வோர் மரவாளியின் நடுவே பால் நிறைந்த குவளையை வைத்து, அதைச் சுற்றிலும் உடைத்த பனிக்கட்டியையும் கல்லுப்பையும் கொட்டிச் சுழற்றுவர். பால் உறைந்து கெட்டியாகும். பாலை உறைய வைக்கும் அதே உப்புச் சாலையில் பனிக்கட்டியை உருக்குகிறதே, இஃது எப்படி?

இரண்டும் ஒரே செயல்தான். பனிக்கட்டியின் மேற்பரப்பில் எப்போதும் சில நீர் மூலக்கூறுகள் கட்டியை விட்டுப் பிரிகின்றன. சில திரும்பி வந்து ஒட்டுகின்றன. 0 பாகை செல்சியசில் வரவும் செலவும் சமம். அந்நீரில் உப்புக் கரைந்ததும், திரும்பி வந்து ஒட்டும் மூலக்கூறுகள் குறைந்து விடுகின்றன. பிரிவன மட்டும் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே கட்டி உருகுகிறது. உருகுவதற்கு வெப்பம் வேண்டும். மரவாளியில் அவ்வெப்பம் பாலிலிருந்து எடுக்கப்படுகிறது, பால் உறைகிறது. சாலையில் அது தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது. அவை பரந்தவை, ஆதலின் அந்த இழப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீரில் நூற்றுக்கு 23 பங்கு உப்பு இருக்கும்போது உறைநிலை மிகத் தாழ்ந்து, ஏறத்தாழ −21 பாகைக்குச் செல்லும். அதற்குமேல் உப்பைக் கூட்டினால் பயன் கூடாது, குறையும்.

ஏட்டில் −21 என்று இருப்பினும் சாலையில் கதை வேறு. −1 பாகைக் குளிரில் ஒரு கிலோ உப்பு ஏறத்தாழ 46 கிலோ பனிக்கட்டியை உருக்க வல்லது. −7 பாகையில் அதே ஒரு கிலோ உருக்குவது 9 கிலோவுக்கும் குறைவு. −12 பாகையிலோ 5 கிலோ அளவுதான். அதுவும் நெடுநேரம் கழித்து. சுமார் −10 பாகைக்குக் கீழே சாதாரண உப்பைக் கொட்டுவது, நனைந்த விறகில் நெய்யை ஊற்றுவது போன்றது. குளிர் மிகுந்தால் உப்பை மிகுதியாகக் கொட்ட வேண்டும் என்றுதான் எவர்க்கும் தோன்றும். உண்மையில் அவ்வேளையில் செய்யத்தக்கது உப்பை நிறுத்திவிட்டு மணல் தூவுவதே. மணல் எதையும் உருக்காது. ஆனால் காலுக்கும் சக்கரத்துக்கும் பிடி கொடுக்கும்.

இவ்வழக்கம் பழையதும் அன்று. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தார் 1938-ல் இதனைச் சோதனையாகத் தொடங்கினர். 1941-42 குளிர்காலத்தில் அந்நாட்டு நெடுஞ்சாலைகளில் இட்ட உப்பு மொத்தம் 5,000 டன் அளவே. இன்று அமெரிக்கா ஆண்டுக்கு 2 கோடி டன் அளவும், கனடா 50 லட்சம் டன் அளவும் சாலையில் கொட்டுகின்றன. டொராண்டோ மாநகராட்சி மட்டும் ஓராண்டில் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் பயன்படுத்துகிறது. இவ்வுப்பு நம் வேதாரண்யத்து உப்பைப் போல வெயிலில் விளைந்தது அன்று. நிலத்தடியில் வெட்டி எடுப்பது. ஒன்டாரியோ மாகாணத்தில் ஹியூரான் ஏரிக்கரையிலுள்ள காடரிச் என்னும் ஊரில் 1866-ல் மண்ணெண்ணெய் தேடித் துளையிட்டவர்கள் எண்ணெய்க்குப் பதிலாக உப்பைக் கண்டனர். இன்று அவ்வூர்ச் சுரங்கம் ஏரியின் அடியில் சுமார் 1,800 அடி ஆழத்தில் பரவிக் கிடக்கிறது. உலகின் நிலத்தடி உப்புச் சுரங்கங்களுள் அதுவே மிகப் பெரியது என்பர். 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடலின் உப்பு அது. மண்ணும் பாறையும் அத்துணைக் காலம் மூடிக் காத்ததை மேலே கொணர்ந்து, ஒரே குளிர்காலத்தில் ஓடைகளில் கரைத்து விடுகிறோம்.

உப்பிட்டதால் காக்கப்பட்ட உயிர்கள் மிகப் பல. வழுக்கும் சாலையில் நோயாளி வண்டி செல்ல வேண்டும். பள்ளிப் பேருந்து செல்ல வேண்டும். முதியோர் நடைபாதையில் விழுந்து இடுப்பெலும்பு முறியாதிருக்க வேண்டும். உப்பை அறவே ஒழிக்க வேண்டும் என்று பொறுப்புள்ள எவரும் கூறவில்லை. வள்ளுவர் ஊடலுக்கு உப்பை உவமை கூறியது நம் ஆசிரியர்கள் அறிந்ததே. அங்கும் பேச்சு உப்பு வேண்டுமா வேண்டாவா என்பது பற்றியன்று, அளவு பற்றியே.

அளவு கடந்த உப்பு என்ன செய்யும்? ஒரு கிலோ உப்பில் ஏறத்தாழ 600 கிராம் குளோரைடு உள்ளது. நீர்வாழ் உயிர்கள் நெடுங்காலம் தாங்குவதற்குக் கனடா வகுத்துள்ள வரம்பு, ஒரு லிட்டர் நீரில் 120 மில்லிகிராம் குளோரைடு. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரே ஒரு கிலோ உப்பு 5,000 லிட்டர் தூய நீரை அவ்வரம்புக்குக் கொண்டு போய்விடும். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்கு 19,000 மில்லிகிராம் இருக்கிறதே, அதில் மீன் வாழவில்லையா என்று கடலோரம் வாழும் நாம் கேட்கலாம். கடல்மீன் கடலுக்கென அமைந்தது. நன்னீர் ஏரியில் கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்கள் நீரில் மிதந்து பாசியை உண்டு வாழ்கின்றன. அவற்றை உண்டு மீன் வாழ்கிறது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல ஏரிகளில் சோதனை செய்து 2022-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அரசுகள் வகுத்த வரம்புக்கு உட்பட்ட அளவிலேயே இச்சிற்றுயிர்கள் பெருமளவில் மடிவதைக் காட்டியது. அவை மடிந்தால் பாசி தடையின்றிப் பெருகும்.

எல்லாவற்றினும் முக்கியமானது, குளோரைடு அழிவதில்லை என்பது. இலை மட்கும், சாக்கடைக் கழிவும் நாளடைவில் சிதையும். குளோரைடை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்ப்பதில்லை. மண்ணும் அதைப் பிடித்து வைப்பதில்லை. நீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னது நம் பழமொழி. இங்கே நினைத்துக்கொண்டிருப்பது நிலத்தடி நீர்.

இதனை முதன்முதலில் தெளிவாக அளந்து காட்டிய ஆய்வுகளுள் ஒன்று தமிழர் செறிந்து வாழும் ஸ்கார்பரோவிலேயே நடந்தது. அப்பகுதியின் ஊடே ஓடி ஒன்டாரியோ ஏரியில் கலக்கும் ஹைலண்ட் ஓடையை ஹவர்டு, ஹேன்ஸ் என்னும் இருவர் ஆராய்ந்து 1993-ல் முடிவை வெளியிட்டனர். ஓடையின் வடிநிலத்தில் ஆண்டுதோறும் இடும் உப்பு ஒரு பக்கம். ஓடை ஏரிக்குக் கொண்டு செல்லும் உப்பு மறுபக்கம். வரவு செலவு பார்த்தபோது, இட்டதில் நூற்றுக்கு 45 பங்கே அந்தந்த ஆண்டில் வெளியேறுவது தெரிந்தது. எஞ்சிய பாதிக்கு மேற்பட்ட உப்பு மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் சேர்ந்து கொண்டிருந்தது. இதே அளவில் உப்பிட்டு வந்தால், அங்கு ஊற்றாய்ச் சுரக்கும் நீரில் குளோரைடு 20 ஆண்டுகளில் லிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டும் என்றும் அவர்கள் கணித்தனர். குடிநீரில் 250 மில்லிகிராமைத் தாண்டினாலே நாக்கு உவர்ப்பை உணரும். ஸ்கார்பரோ மக்கள் குடிப்பது ஏரி நீர்; ஆதலின் அவர்களது குழாயில் இது தெரிவதில்லை. கோடைக்கால நடுவிலும், பனியின் சுவடே இல்லாத ஆகஸ்டு மாதத்திலும், அந்த ஓடைக்கு உப்பு வந்து சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதுதான் இதன் பொருள்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகளில் மழைநீர் தங்கி, கீழே ஊடுருவி நிற்கும் கடல்நீரின்மேல் மெல்லிய படலமாய் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் நன்னீர்க் கிணறு உவர்க்கிணறாய் மாறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை அங்குச் சென்றவர் அறிவர். உவர்நீர் கனமானது, கீழே தங்கும். இக்காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டால் குளிர்நாட்டு ஏரிகளின் நோய் எளிதில் விளங்கும். அந்நாடுகளில் ஏரி நீர் ஆண்டுக்கு இருமுறை, இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும், மேலது கீழாகவும் கீழது மேலாகவும் கலந்து புரளும். அப்போதுதான் அடியில் உள்ள உயிர்களுக்கு மூச்சுக்காற்று கிடைக்கும். உப்புநீர் அடியில் தேங்கிவிட்டால் இப்புரட்டு நின்று போகும். அடிநீர் மூச்சற்றுக் கிடக்கும்.

கட்டடங்களும் தப்பவில்லை. டொராண்டோவின் கார்டினர் உயர்சாலையில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை உப்புநீர் அரித்ததால் துண்டு துண்டாய்ச் சிமெண்டு பெயர்ந்து விழுந்தது. ஒன்டாரியோவின் எலியட் லேக் என்னும் சிற்றூரில் வணிக வளாகம் ஒன்றின் கூரையே கார் நிறுத்துமிடமாக இருந்தது. பல ஆண்டுகளாய்க் கசிந்த நீரும் உப்பும் இரும்புத் தூணின் இணைப்பை அரித்து வந்தன. 2012 ஜூன் மாதத்தில் கூரை இடிந்து இருவர் மாண்டனர்.

கனடா அரசு ஐந்தாண்டுகள் போல ஆராய்ந்து, பெருமளவில் இடப்படும் சாலை உப்புச் சுற்றுச்சூழலுக்குத் தீங்கானது என்று 2001-ல் அறிவித்தது. ஆனால் தடை விதிக்கவில்லை. 2004-ல் ஆண்டுக்கு 500 டன்னுக்கு மேல் பயன்படுத்தும் அமைப்புகளுக்கு நடைமுறை விதிகளை வகுத்துத் தந்தது. உப்புக் குவியலைக் கூரையின்கீழ் வைத்தல் முதலியன அவை. மழையில் நனையும் குவியல் ஒன்று ஒரு தெருவின் உப்பைச் சாலைக்குப் போகாமலே ஓடையில் சேர்த்துவிடும்.

இனி, உப்பைக் குறைக்கும் வழிகள். பத்திரிகைகள் விரும்பி எழுதுவது பீட்ரூட் சாற்றைப் பற்றியும், விஸ்கான்சின் மாநிலத்தில் பாலாடைக்கட்டி செய்தபின் மிஞ்சும் உப்புநீரைச் சாலையில் தெளிப்பதைப் பற்றியுந்தான். இவை பயனற்றவை அல்ல; உப்பு சாலையில் ஒட்டி நிற்க உதவும். ஆயினும் சர்க்கரைச் சாறு ஓடையில் கலந்து அழுகும்போது நீரிலுள்ள மூச்சுக்காற்றைக் குடித்துவிடும். ஒரு நோய்க்கு மற்றொரு நோயை மாற்றிக்கொள்வதில் பெருமை இல்லை. உண்மையான மிச்சம் இதைவிடச் சுவையற்ற செயல்களில்தான் கிடைக்கிறது.

முதலாவது, காலம். பனி விழுந்து, வண்டிகள் மிதித்து, கட்டியாய் இறுகிய பின் உப்பிடுவதைவிட, விழுவதற்கு முன்பே உப்புநீரைக் கோடு கோடாய்த் தெளித்து வைத்தால் பனி சாலையைப் பற்றாது. அதற்கு மிகக் குறைந்த உப்பே போதும். அடுப்பேற்றுமுன் சட்டியில் எண்ணெய் தடவுவதற்கும், தீய்ந்தபின் சுரண்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது என்று இல்லத்தரசியர் உடனே கூறுவர். இரண்டாவது, ஈரம். உலர்ந்த உப்பை ஓடும் வண்டியிலிருந்து வீசினால் நூற்றுக்கு 30 பங்கு துள்ளிச் சாலையோரத்துக்குப் போய்விடுகிறது. சிறிது நனைத்து வீசினால் 4 பங்கே போகிறது. மிச்சிகன் மாநிலத்தில் அளந்து கண்ட கணக்கு இது. கால் பங்குக்கு மேற்பட்ட உப்பைச் சாலையிலேயே நிறுத்த, சிறிது உப்புநீரே போதுமாயிருந்தது! மூன்றாவது, வெப்பமானி. காற்றின் குளிரும் தரையின் குளிரும் ஒன்றல்ல. வண்டியின் அடியில் கருவி பொருத்தித் தரையின் வெப்பநிலையைப் பார்த்த பின்பே உப்பின் அளவை முடிவு செய்ய வேண்டும். முதலில் வாரித் தள்ளிவிட்டுப் பிறகு உப்பிடுதல் நான்காவது. இதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றும், ஆனால் நடைபாதைகளில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். இன்னொன்றும் உண்டு. கியூபெக் மாகாணம் 2008 முதல் குளிர்காலத்தில் கார்களுக்குத் தனிச் சக்கர உறை கட்டாயம் என்று சட்டம் செய்தது. பிடிப்பைச் சாலையில் தேடாமல் சக்கரத்தில் தேடும் வழி அது.

வழிகள் இவ்வளவு தெளிவாயிருந்தும் உப்பு ஏன் குறையவில்லை? காரணம் அறியாமை மட்டுமன்று, அச்சம். மாநகராட்சியின் வண்டிகளில் அளவுக் கருவி உண்டு, கணக்கும் உண்டு. கடைகள், கோவில்கள், அடுக்குமாடி வீடுகள் ஆகியவற்றின் முன்னுள்ள கார் நிறுத்துமிடங்களில் உப்பிடுவோர் தனி ஒப்பந்தக்காரர். ஒருவர் வழுக்கி விழுந்து வழக்குத் தொடுத்தால் ஒப்பந்தக்காரரின் பிழைப்பே போய்விடும். மிகுதியாய் இட்ட உப்புக்கு எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. ஆகவே அவர் தரை வெள்ளையாகும்வரை கொட்டுகிறார். வாடிக்கையாளரும் காலடியில் உப்பு நறநறவென்று மிதிபட்டால்தான் காசுக்கு வேலை நடந்தது என்று நம்புகிறார். உண்மையில் நறநறவென்று மிதிபடும் உப்பு, எதையும் உருக்காமல் எஞ்சிக் கிடக்கும் வீண் உப்பு.

இவ்வச்சத்தை நீக்காமல் கருவிகளால் பெரும்பயன் இல்லை என்பதை முதலில் உணர்ந்தது, உப்பை முதலில் தூவிய நியூ ஹாம்ப்ஷயரே. 2013-ல் அங்கு ஒரு சட்டம் இயற்றினர். அளவறிந்து உப்பிடப் பயிற்சி பெற்றுச் சான்று வாங்கிய ஒப்பந்தக்காரர், செய்த வேலைக்குக் கணக்கும் வைத்திருந்தால், வழுக்கி விழுந்த வழக்குகளில் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஒன்டாரியோ அவ்வளவு தூரம் செல்லவில்லை. தனியார் இடத்தில் பனியில் வழுக்கி விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று 2021 முதல் விதித்துள்ளது. கிணற்று நீரையே பெரிதும் நம்பி வாழும் வாட்டர்லூ வட்டாரத்தார், தம் கிணறுகளில் உவர் ஏறுவது கண்டு, ஒப்பந்தக்காரருக்குப் பயிற்சியும் சான்றும் அளிக்கும் திட்டத்தைத் தாமே தொடங்கினர். குடிப்பவன் நாக்கில் உறைத்தால்தான் திட்டம் பிறக்கும் போலும்.

குறைத்தால் பலன் உண்டா என்பதற்கும் சான்று இருக்கிறது. ஸ்கார்பரோவுக்கு எதிரே, ஒன்டாரியோ ஏரியின் தென்கரையில், ரோசெஸ்டர் நகரை ஒட்டி ஐரண்டிகுவாய்ட் என்னும் சிறு குடா உள்ளது. சுற்றுப்புறச் சாலைகளின் உப்பு அடியில் தேங்கியதால் 1970-ஆம் ஆண்டு இளவேனிலில் அதன் நீர் முழுமையாய்ப் புரளவில்லை என்று ஆய்வாளர் கண்டு எழுதினர். 1974-க்குப் பின் அவ்வட்டாரத்தில் உப்பைக் குறைத்தனர். பத்தாண்டு கழித்து, 1984 வரையிலான அளவைகளைப் பார்த்தபோது மேல்நீருக்கும் அடிநீருக்கும் இடையிலிருந்த உப்பு வேறுபாடு தளர்ந்து, நீர் முன்னைவிட நன்கு கலக்கத் தொடங்கியிருந்தது. குடாவின் நீர் விரைவில் மாறும் நீர். ஆகவே பத்தாண்டு போதுமாயிற்று. ஹைலண்ட் ஓடையின் அடியில் மண்ணுக்குள் இறங்கிய உப்போ மெல்ல நகர்வது. ஸ்கார்பரோவில் நாளையே உப்பிடுவதை நிறுத்தினாலும், இதுவரை சேர்ந்தது பல ஆண்டுகள் ஊற்றாய் வெளிவந்துகொண்டிருக்கும்.